பதினாலாம் நம்பர் பொத்தான்

அத்தியாயம் - 9

ஆய்வுக்கு வருவதாகச் சொன்ன ஒரு ஆள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, பேராசிரியைக்குத் தெரியாமல் அந்த இடத்தில் தன் சொந்த அக்காவையே சேர்த்துவிட்டாள் சின்னி. அந்தத் திருட்டுத்தனத்தோடுதான் நாம் அவளைப் பின்தொடர்ந்து வருகிறோம்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்தவர்களுக்குக் கோடை விடுமுறையில் கிடைக்கும் ஆராய்ச்சிப் பயிற்சி அது. எத்தனையோ பேர் விண்ணப்பித்து, ஆறே பேருக்குக் கிடைத்தது. வெயில் ஏற ஏற, அடுக்குமாடி வீடுகளுக்குள் இருக்கும் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. சம்மதித்தவர்களின் கழுத்துப்பட்டியில் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். சுற்றியிருக்கும் சூட்டை அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே இருக்கும். தூங்கும்போதும் கழற்றக் கூடாது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எல்லோரும் பொத்தான் என்றுதான் சொன்னார்கள்.

போட்டுக்கொண்டவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அக்கா பதினாலு.

ஆரம்பத்தில் பதினாலு படுத்தி எடுத்தது. அக்கா வீட்டில் ராத்திரி முழுக்க ஏசி ஓடும். அப்படியும் சில ராத்திரிகளில் அந்தப் பொத்தான் மட்டும் தெருவில் கிடந்த மாதிரி சூட்டைக் காட்டியது. சின்னி போனைப் போட்டு, மூத்தவள் என்றும் பாராமல் பொரிந்து தள்ளினாள். எங்கேயோ கழற்றி வெளியே போட்டுவிடுகிறாய், என் வேலையைக் கெடுக்கவென்றே சேர்ந்தாயா என்று.  இனிமேல் அது உள்ளேயே இருக்கும் என்றாள் அக்கா.

சொன்னபடியே இருந்தது. அதற்குப் பிறகு பதினாலாம் எண்ணின் கோட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. சின்னியும் அதை மறந்துவிட்டாள்.

இன்று பொத்தான்களைத் திரும்ப வாங்கும் நாள்.

காலையில் அம்மா தன் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. மதியத்துக்கு மேல் யாரும் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

கதவோரத்து ஆணியில் சாவிகள் தொங்கின. அவற்றில் சிவப்பு ரிப்பன் கட்டியது அக்கா வீட்டு மாற்றுச் சாவி. மாப்பிள்ளையே கொண்டுவந்து கொடுத்தது. உங்க பொண்ணு வீடு, நீங்க எதுக்கு பெல் அடிச்சுட்டு நிக்கணும் என்று அவர் சொன்னதை அம்மா இந்தக் கட்டிடத்தில் சொல்லாத ஆள் இல்லை.

அக்கா வீட்டுக்குப் போகப்போவதைச் சின்னி சொன்னதும், மாப்பிள்ளை இருப்பாரா என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். அவருக்கு இன்று விடுமுறை என்று தெரிந்ததும் புத்திமதி ஆரம்பமாயிற்று.

"போன தடவை மாதிரி பூமி சூடாகுது, கடல் பொங்குதுன்னு அவருக்குப் பாடம் நடத்தாத. வாங்க வேண்டியதை வாங்கிட்டு, குடுத்ததைக் குடிச்சுட்டு, வாயை மூடிட்டு வா."

சின்னி சிரித்துக்கொண்டே பையை எடுத்தாள். அக்கா இப்போதெல்லாம் ஒழுங்காகிவிட்டாள் என்றாள். முன்பு சில ராத்திரிகள் பொத்தான் கண்டபடி சூடு காட்டியதைப் பற்றியும் ஏதோ சொன்னாள்.

அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பால்கனியில படுத்தா அப்படித்தான் காட்டும்."

"பால்கனியிலயா? அவளா சொன்னா?"

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது.

"ஏசி காத்து அவளுக்கு எப்பவுமே ஒத்துக்காதே. நேரமாச்சு, கிளம்பு."

அதற்குள் துணி கருகும் வாசனை வந்துவிட்டது. ஊரார் விரிப்புகளை வருஷக்கணக்காக ஒரு சுடு தழும்பு இல்லாமல் தேய்த்துக் கொடுத்தவள், தன் சீருடையின் கையைப் பழுப்பாக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கும் வயதாகிறது என்று நினைத்தபடி சின்னி படியிறங்கினாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஆறு மாணவர்களும் தங்கள் முடிவுகளைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டி, கேட்பவர்களுக்கு விளக்க வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவரைப் பேராசிரியை வருஷம் முழுக்கத் தன்னுடன் வைத்துக்கொள்வார். அந்த இடத்தின் மேல்தான் சின்னிக்குக் கண்.

பேராசிரியை அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். பதினாலாம் எண்ணின் முதல் பாதியில் சின்னியே சில ராத்திரிகளை நீக்கிவிட்டு, அணிந்தவர் தவறு என்று குறித்திருந்தாள். சரியான முடிவு என்றார் அவர்.

"ரெண்டாவது பாதியைப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு. அந்தம்மாகிட்ட நீ பேசினதுக்குப் பலன் தெரியுது."

அவர் போன பிறகும் சின்னியின் காது மடல்கள் சூடாகவே இருந்தன. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவன் பக்கத்து நாற்காலிக்காரன். உடன் பயிற்சிக்கு வந்தவன்தான். கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாததால் அவனுக்குத் தொப்பி என்றே பெயராகிவிட்டது. தன் வேலையைத் தவிர எல்லோர் வேலையையும் பார்ப்பான்.

"இந்தப் பதினாலு தூக்கத்துல புரளவே மாட்டாங்களா? எங்க தாத்தா போட்டோகூட இதைவிட அதிகமா அசையும்."

"நல்லா தூங்கறாங்க. உனக்கென்ன?"

"தூங்கறவங்க கோடு இப்படி இருக்காதும்மா. என்னோடதைப் பாரு. போர்வைக்குள்ள போனா ஏறும், உதைச்சுத் தள்ளினா இறங்கும். இது நேரா ஒரு கோடு. பொத்தான் தனியாப் படுத்திருக்கு. ஆளைக் காணோம்."

அவன் சிரித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

சின்னி திரையைப் பெரிதாக்கினாள். ஆளைக் காணோம். ஏசி அறையின் குளிர், கொஞ்சம்கூட அசையாமல், விடியும்வரை. இடையிடையே சில ராத்திரிகளில் மட்டும் உடம்பு பக்கத்தில் இருக்கும் அந்த ஏற்ற இறக்கம் தெரிந்தது. வாரம் போகப் போக அதுவும் குறைந்து, கடைசியில் எல்லா ராத்திரியும் நேர்க்கோடாகிவிட்டிருந்தது.

குப்பையில் போட்டிருந்த முதல் பாதி ராத்திரிகளை அவள் மீட்டெடுத்தாள். ஆய்வுக்கூடம் இருக்கும் கட்டிடத்தின் மொட்டை மாடியில் வெப்பமானி ஒன்று உண்டு. வெளிக்காற்றின் சூட்டை அது இரவு பகலாகக் குறிக்கும். அதன் கோட்டை எடுத்து அக்காவின் கோட்டின் மேல் வைத்தாள்.

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தன. பதினாலாம் எண்ணுக்கு மட்டும் ஒரு மனித உடம்பின் சூடு கொஞ்சம் கூடுதல்.

அப்படியானால் பொத்தானைக் கழற்றி யாரும் வெளியே போடவில்லை. போட்டுக்கொண்டவளே வெளியே இருந்திருக்கிறாள், இரவு முழுக்க. தங்கை திட்டிய பிறகு பொத்தானை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பால்கனியில படுத்தா அப்படித்தான் காட்டும்.

 ஏசி ஒத்துக்காதவளா அக்கா? சின்ன வயதில் இருவரும் சேர்ந்து படுக்கும்போது, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளச் சண்டை போட்டவள். வெளியே தானாகப் போய்ப் படுக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. போக வைத்தால்தான் போயிருப்பாள். உள்ளே வர முடியாமல் இருந்தால்தான் விடியும்வரை இருந்திருப்பாள்.

பயிற்சியின் முதல் நாளே பேராசிரியை ஆறு பேரையும் நிற்க வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று தோண்டாதீர்கள். ஆனால் அந்த ஆளுக்கு ஆபத்து என்று பட்டால், அடுத்த நிமிடம் என் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

சின்னி எழுந்து போய் அவர் அறை வாசலில் நின்றாள். அவர் நிமிர்ந்து என்ன என்று கேட்டார். பதினாலுக்கு ஆபத்து என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். என் அக்கா என்று சொல்ல வேண்டிவரும். அதோடு திங்கட்கிழமையும் போயிற்று, அடுத்த வருஷமும் போயிற்று.

"பொத்தான் வாங்கப் போறேன் மேடம்."

"இந்த வெயில்லயா? சாயங்காலம் போயேன்."

"இல்ல மேடம். இப்பவே போறேன்."

தெருவில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. அறையட்டும் என்றிருந்தது அவளுக்கு. அக்கா எந்த நிலைமையில் இருக்கிறாளோ தெரியாது. இவளோ அந்த வாசலில் நின்று தன் வருஷத்தை எடைபோட்டுப் பார்த்திருக்கிறாள்.

அக்கா வீடு ஐந்தாவது மாடி. அத்தான்தான் கதவைத் திறந்தார். குளித்து, தலை வாரி, துவைத்த சட்டையில் பளிச்சென்று இருந்தார். ஏசி பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். சொந்தக்காரர்களில் யார் வீட்டு ஏசி நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார். காசு வாங்க மாட்டார். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடைக்காது.

"வாங்க சயின்டிஸ்ட். உலகம் இன்னும் இருக்கா, இல்ல உருகிடுச்சா?"

"இருக்கு அத்தான்."

"மெதுவாவே உருகட்டும். நீங்க சூடாகுது சூடாகுதுன்னு சொல்லச் சொல்லத்தான் எனக்கு நாலு ஏசி கூட விக்குது."

அவள் உள்ளே வந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டு டக்கென்று பூட்டியது. வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாத பூட்டு. வீட்டுக்குள் பல் கிட்டும் அளவுக்குக் குளிர்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். போன மாதம் பார்த்ததற்கு இப்போது பாதியாக இருந்தாள். உதடு வெடித்திருந்தது. கழுத்தைச் சுற்றி வேர்க்குரு சிவந்து கிடந்தது. இந்தக் குளிர் வீட்டில் இருப்பவளுக்கு வேர்க்குரு. சின்னி பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பொத்தான் மேஜை மேல் தயாராக இருந்தது. அத்தான் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னதுக்குள்ளேயா எங்க வீட்டு ரகசியம் எல்லாம் இருக்கு என்று கேட்டுத் தன் சட்டையில் மாட்டிக்கொண்டு, எனக்கு எப்படி இருக்கு என்றார். அக்கா சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் அவர் பார்வையை எடுத்தார் என்பதைச் சின்னி இன்றுதான் கவனித்தாள். இத்தனை நாளும் இதெல்லாம் கண்ணெதிரேதான் நடந்திருக்கும்.

பால்கனிக் கதவின் மேல் மூலையில் புதுசாக ஒரு தாழ்ப்பாள் மின்னியது. கண்ணாடி வழியே துணி காயப்போடும் கம்பியும் வாஷிங் மெஷினும் தெரிந்தன. மேற்குப் பார்த்த பால்கனி. மதியத்திலிருந்து சாயங்காலம்வரை சூரியன் அங்கேதான் குடியிருக்கும்.

கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் திரும்பவும் முடியவில்லை.  சின்னி பையில் கையை விட்டதும் கடைசிக் கேள்வித்தாள் தட்டுப்பட்டது. பொத்தானைத் திரும்ப வாங்கும்போது எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள். அதற்கு ஒரு விதி உண்டு. பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும். குடும்பத்தினர் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"அத்தான், அக்காகிட்ட சில கேள்வி கேக்கணும். நீங்க இருக்கக் கூடாதாம்."

"நான் என்ன வேத்து ஆளா?"

"ரூல் அத்தான். நீங்க இருந்தா இந்த வீட்டுக் கணக்கே செல்லாது. மேடம் என்னைத் தொலைச்சுடுவாங்க."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். மச்சினி படிப்புக்கு நானா குறுக்கே நிற்பேன், ஒரு சிகரெட் நேரம் தருகிறேன் என்று பால்கனிக்குப் போனார். சட்டையில் பொத்தான் அப்படியே இருந்தது.

"கதவைச் சாத்து. குளிர் வெளிய போயிடும்" என்றார் அக்காவிடம்.

அக்கா சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு தெரிந்தது.

சின்னி தாளில் அச்சடித்திருந்ததை அப்படியே படித்தாள். "இந்தக் கோடையில் இரவு நேரங்களில் பெரும்பாலும் எங்கே தூங்கினீர்கள்?"

"என்னடி, என்னைப் போய் நீங்க நாங்கன்னுட்டு."

"சொல்லுக்கா. படுக்கையறை, ஹால், மொட்டை மாடி, பால்கனி."

அக்கா பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். அவர் கை நீட்டியதே இல்லை. குரலைக்கூட உயர்த்துவதில்லை. பிடிக்காத ஒன்று நடந்தால், போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா என்பார். அவள் போனதும் தாழ்ப்பாள் விழும். போனை எடுக்கத் தாமதமானதற்கு ஒரு தடவை. விருந்தாளி முன்னால் அதிகம் பேசியதற்கு ஒரு தடவை. பிறகு காரணம் என்று ஒன்று தேவைப்படவில்லை. உள்ளே அவர் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

"என்கிட்ட ஏன்கா சொல்லல?"

"சொன்னேனே." அக்கா நிமிர்ந்தாள். "ஒவ்வொரு தடவையும் பொத்தானைப் போட்டுக்கிட்டுத்தானே வெளிய நின்னேன். நீ பார்ப்பேன்னு. பார்த்துட்டு போன் பண்ணின. உன் பேரைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷமா எடுத்தேன் தெரியுமா?"

அந்த போனில் தான் பேசியது ஒவ்வொரு வார்த்தையாகச் சின்னிக்கு ஞாபகம் வந்தது.

"அப்புறம் தலகாணி மேல வச்சுட்டுப் போயிட்டேன். உன் வேலை கெடக் கூடாது இல்ல?"

அதில் குத்தல் இல்லை. அதைத்தான் சின்னியால் தாங்க முடியவில்லை. 

"நேத்து வேலைக்குப் போறப்பவும் அவர் திறக்கல" என்றாள் அக்கா, இன்னும் தணிந்து. "சாயங்காலம் வந்துதான் திறந்தார். நடுவுல கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியல. வேர்வைகூட நின்னுடுச்சு."

வேர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று இந்தக் கோடை முழுக்கச் சின்னி படித்திருக்கிறாள். உடம்பு தோற்றுப்போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை அக்கா கண் விழிக்காமலே போகலாம்.

"வா. போயிடலாம்."

"அவர் இருக்காரே."

இருவரும் பால்கனியைப் பார்த்தார்கள். சிகரெட் பாதிக்கு வந்திருந்தது. சின்னியின் கண் அவர் முதுகில் நின்றது. அக்காவின் கண் தாழ்ப்பாளில்.

அக்கா எழுந்தாள். அவள் உயரத்துக்கு எட்டாமல்தான் அதைப் பொருத்தியிருந்தார். குதிகாலை உயர்த்தி, விரல் நுனியால் எட்டித் தள்ளினாள். சத்தமே வரவில்லை. அக்கம்பக்கம் கேட்காதபடி அவர்தான் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"கொஞ்சம் காத்து வாங்குங்க" என்றாள் அக்கா. கண்ணாடி தாண்டிப் போயிருக்காது. அவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று சொன்னது போலிருந்தது.

ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. போன், பை, ஆணியில் தொங்கிய சாவி எல்லாம் அங்கேயே இருந்தன. செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது.

லிஃப்டுக்கு நிற்கப் பயந்து படியிலேயே இறங்கினார்கள். தரைத்தளம் வருவதற்குள் அக்காவால் அதற்கு மேல் இறங்க முடியவில்லை. கடைசிப் படிகளில் ஒன்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னி பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள். காலையில் வாசலில் நின்று விழுங்கியதைப் பேராசிரியைக்கு எழுதி அனுப்பினாள். *பதினாலு என் அக்கா. ஆபத்தில் இருக்கிறாள். உங்களை ஏமாற்றிவிட்டேன். உதவி வேண்டும்.*

அவர் படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் வரவில்லை.

அதற்குள் மணி அடித்தது. அம்மா.

"சின்னி, எங்கடி இருக்கீங்க? மாப்பிள்ளை போன் பண்ணினார். உங்கக்கா ஏதோ விளையாட்டுக்குத் தாழ்ப்பாளைப் போட்டுட்டாளாம். போய்த் திறந்துவிடச் சொல்லு. வெயில் எப்படிக் காயுது பார்த்தியா? மனுஷன் செத்துடுவான்."

சத்தம் அக்காவுக்கும் கேட்டது. அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, நானும் அங்கேருந்துதானே உனக்கு போன் பண்ணினேன். எத்தனை ராத்திரி பண்ணினேன்?"

அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"காலையில திறந்துடுவார், சத்தம் போட்டு மானத்தை வாங்காதன்னு சொன்ன. தண்ணி பாட்டில் ஒண்ணு அங்கயே ஒளிச்சு வச்சுக்கோன்னு சொன்ன. அது அங்கதான் இருக்கு. வாஷிங் மெஷின் பின்னாடி. அவர்கிட்ட சொல்லிடு."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீ முதல்ல போய்த் திற. நான் அவர்கிட்ட பேசறேன், இனிமே..."

"என்கிட்ட சாவி இல்லம்மா. உள்ள இருக்கு." அக்கா நிறுத்தினாள். "மாத்துச் சாவி உன்கிட்டதானே இருக்கு? இத்தனை நாளும் உன் வீட்டு ஆணியிலதானே தொங்குச்சு?"

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அக்கா போனை அணைத்துத் தங்கையிடம் கொடுத்தாள்.

சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி. காலையில் அதைத் தொட்டும் தொடாமல்தான் சின்னி செருப்பை மாட்டினாள். ஒவ்வொரு காலையும் அப்படித்தான். அம்மா எந்த ராத்திரி அந்த போனை எடுத்துப் பேசினாள், பேசிவிட்டு எப்படித் தூங்கினாள், பக்கத்துப் படுக்கையில் கிடந்த தனக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

"கிளம்பலாம்கா. அம்மா வீடு வேண்டாம். வேற எங்கயாவது போலாம்."

"இரு. அம்மா வரட்டும்."

"அவங்க வந்து திறந்துவிட்டுடுவாங்க."

"திறக்கட்டும். எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு பார்க்கணும் எனக்கு."

மேலே ஐந்தாவது மாடியில் கண்ணாடியைத் தட்டும் சத்தம், ஆளரவமற்ற அந்த மதியத்தில், படிக்கட்டு ஜன்னல் வழியே மெல்லக் கேட்டது. பெரிதாகத் தட்டினால் அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும் என்று கணக்குப் போட்டுத் தட்டுவது போல, விட்டு விட்டு. சின்னிக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் வெயில் ஒரு உடம்பை என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இங்கே நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் சட்டையிலிருக்கும் பொத்தான் இந்த நேரம் என்ன கோடு போடும் என்று நினைத்தாள். அதுவும் பதினாலாம் எண்ணின் கணக்கில்தான் சேரும்.

அக்கா கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் நெற்றியில் வேர்வை அரும்பியிருக்கிறதா என்று சின்னி குனிந்து பார்த்தாள். இருந்தது.

ஒரு டாக்ஸி வாசலில் கிறீச்சிட்டு நின்றது.

அம்மா இறங்கினாள். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கருகிய கைப்பகுதி பழுப்பாகத் தெரிந்தது. ஒரு காலில் ஹோட்டல் செருப்பும் இன்னொரு காலில் தன் செருப்புமாக, வழியில் வீட்டில் இறங்கி எடுத்த சாவியின் சிவப்பு ரிப்பன் கையில் தொங்க, வெயிலிலிருந்து இருட்டுக்குள் ஓடி வந்தவள், படியில் இருவரையும் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

மேலே தட்டும் சத்தம் நிற்கவில்லை. அம்மாவின் கண்கள் அந்தப் பக்கம் உயர்ந்தன. குறுகலான படி. அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தால்தான் யாரும் மேலே போக முடியும்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கால்களை, மாறிப்போன அந்தச் செருப்புகளை, நெடுநேரம் பார்த்தாள்.

"ஏம்மா, எங்க வீடு இவ்வளவு பக்கமா?" என்றாள்.